ஹிசாயோ எண்ணிய முப்பது கடி

ஜப்பானில் நாகானோ மலையோரத்து ஹிசாயோவுக்கு எழுபத்தாறு வயது. மீன்காரன் தராசு, டிவியில் சொல்கிற வானிலை, எதையும் லேசில் நம்பமாட்டாள். இந்தக் குளிருக்குச் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. புருஷன் தொகுமாட்சுவுக்கு அவள் பெயர் மறந்துபோச்சோ?

கண்டுபிடிக்க வழியில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக அவர் கூப்பிடுவது "ஓய்" என்றுதான். அந்த ஊர் ஆம்பிளைகளில் பெண்டாட்டி பெயரை மறந்தவன் கூப்பிடுவதும் ஓய், மறக்காதவன் கூப்பிடுவதும் ஓய்.

ஆனால் பல்செட் மாட்டினதிலிருந்து மனுஷர் மந்தம். போன வாரம் செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தார்.

"பல்லோட வேர்ல உணர்ச்சி இருக்கும்மா," என்றார் பல் டாக்டர். "கடிக்கக் கடிக்க அது மூளையைத் தட்டி எழுப்பும். வாய்க்கு முப்பது தடவை மெல்லச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ஹிசாயோ எண்ண ஆரம்பித்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து நறுக், நறுக் என்று சத்தம் சரியாகத்தான் வந்தது. ஆனால் பேப்பருக்கு வெளியே தெரிந்த காதோரத் தாடை அசையவே இல்லையே? நாலாம் நாள் பேப்பரைப் பிடுங்கினாள். அவர் கையில் இடுக்கி, இடுக்கியில் நொறுங்கிக்கொண்டிருந்த அரிசி அப்பளம். பல்செட் தேநீர்க் கோப்பைக்குள் கிடந்தது.

"என்னங்க இது, சின்னப்புள்ளையாட்டம்?"

"பிளாஸ்டிக்கால கடிச்சா ஊரான் வாயால திங்கிற மாதிரி இருக்கு."

"வலப்பக்கம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சொந்தப் பல்லு இருக்குல்ல? அதால கடிங்க. என் கண்ணு முன்னாடி."

தவிட்டில் தான் ஊறப்போட்ட முள்ளங்கி ஊறுகாய்த் துண்டை நீட்டினாள். அவர் முறைத்துக்கொண்டே கடித்தார். பதினாலாவது கடியில் தாடை நின்றது.

"ஓய், கல்லை மாத்திட்டியா?"

ஊறுகாய்த் தொட்டி மேல் பாரத்துக்கு வைக்கிற ஆற்றுக்கல்லை இந்த வருஷம் அவளால் தூக்க முடியவில்லை. சின்னதாக ஒன்றை வைத்துவிட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"எந்தக் கல்லு?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"நடிக்காத. முள்ளங்கி இறுகவே இல்ல, பல்லுல வழுக்குது. முடியலன்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே, ஹிசாயோ?"

அவள் சட்டென்று திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். மருந்துப் பையைப் புரட்டிப் பார்த்தாள். அவர் பார்த்துப் படித்துச் சொல்ல அவள் பெயர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பேச்சு அப்புறம். பதினாலுதான் ஆயிருக்கு. மெல்லுங்க."