நாய் என்று எழுதியவள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கட்டு சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுவதில் கை அத்தனை மெது. வாய்தான் கொஞ்சம் நீளம். "அழுறதா இருந்தா சத்தமா அழுங்க, முக்கி முக்கி அழுதா எனக்குக் கை நடுங்குது" என்று பெரிய மனிதர்களையே அதட்டுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி கோடிங் அறைக்காரி. ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. டாக்டர்கள் வைத்த பெயர் கேள்விப்பெட்டி. வெறுமனே கடி என்று எழுதிக் கொடுத்தால் விடமாட்டாள். கடித்தது நாயா மனுஷனா, தோலோடு நின்றதா நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியதா என்று போன் போட்டுக் குடைந்து எடுப்பாள். மத்தியானம் இரண்டு பேரும் சிஸ்டரின் டப்பாவில்தான் கைவிட்டுச் சாப்பிடுவார்கள்.

ஒருநாள், போதையில் வந்த ஒருவனைக் கட்டிலில் அமுக்கிப் பிடித்தபோது, அவன் தலையைத் தூக்கி சிஸ்டரின் நெஞ்சில், இடது விலாவின் மேல் கவ்விவிட்டான். சதை பிய்ந்தது. கேள்விப்பெட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறையாக வளைந்த பல்வரிசையை அவளும் கண்ணால் பார்த்தாள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தப்பித்திருந்தது. சோப்புத் தண்ணீரில் வெகுநேரம் கழுவினார்கள். கடிகாயத்தைத் தைத்து மூடினால் உள்ளே சீழ் வைக்கும் என்று, தைக்காமலே கட்டினார்கள்.

"அவன் ரத்தத்த எடுத்துப் பாத்துரணும்டி. அவனுக்கு என்ன சீக்கு இருக்கோ!"

"நீ பேசாம படு. நான் இருக்கேன்ல?" என்றாள் கேள்விப்பெட்டி.

மறுநாள் ஊசி அறைப் பெண் போன் செய்தாள். "அக்கா, நாய்க்கடி ஊசிக்கு வரலையா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த நாயிடி?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்க்கா இருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. வலியைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். கட்டில் காலி. அவனை ரத்தம் எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாய் கடித்ததற்கு மனுஷன் ரத்தத்தை எவன் எடுப்பான்? அவன் கொடுத்திருந்த விலாசமும் பொய்.

கோடிங் அறையில் கேள்விப்பெட்டி தலை நிமிரவில்லை.

"பாத்தியேடி, உன் கண்ணால பாத்தியே! ஏண்டி இப்படிப் பண்ணின?"

"மேலேருந்து சொன்னாங்க. நர்ஸையே நோயாளி கடிச்சுட்டான்னு ரிப்போர்ட் போனா விசாரணை வருமாம். எனக்கும் இப்பதான் சூப்பர்வைசர் வேலை தர்றதா..."

"அவன் ரத்தம்?"

"அது எனக்கு ஞாபகமே வரலடி."

ஞாபகம் வரவில்லையாம்! ஊரில் உள்ள கடியையெல்லாம் குடைந்து குடைந்து கேட்டவளுக்கு, கூடவே இருந்தவளின் உயிர் ஞாபகம் வரவில்லையாம். இனி மாதக்கணக்கில் சிஸ்டர் தன் ரத்தத்தைக் கொடுத்துக் கொடுத்துப் பயந்து சாகவேண்டும். பல் இறங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டாள்.

ரத்தம் கொடுக்க ஊசி அறைக்குத்தான் போகவேண்டியிருந்தது. அங்கிருந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"கடிச்சது தெருநாயாக்கா, வளர்த்த நாயா?"

"வளர்த்ததுதான். என் டப்பாவுலதான் சாப்பிட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் கையை நீட்டினாள்.