அலையோடு சேர்த்து வாங்கிய சங்கு

என் தம்பி வீரமணி வேதாரண்யத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கட்டடப் படம் வரைகிறான். எங்கள் மீனவக் காலனியில் டிப்ளமா முடித்து, கம்ப்யூட்டரில் வீடு வரைகிற முதல் ஆள் அவன்தான். நான் எட்டாவதோடு நின்றவள். கருவாடு விற்று அவனைப் படிக்கவைத்தேன்.

அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கம்ப்யூட்டரில் வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள். ரோடு போட்டு, தண்ணீர் இழுத்து, வீடு வைத்தால் ஆட்கள் தானாகக் குடிவருவார்கள். மற்றவர்கள் பெரிய பெரிய நகரமாகக் கட்டுவார்களாம். இவன் கட்டியது சுனாமியில் போன எங்கள் பழைய குப்பத்தை.

அலை வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. ஒன்றும் நினைவில்லை. அதனால் நான்தான் அளவு சொன்னேன். கோயிலிலிருந்து கிணறு பதினெட்டு தப்படி, கிணற்றிலிருந்து நான்காவது எங்கள் வீடு, மொத்தம் நாற்பத்தொரு வீடு. காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தும் கொடுத்தேன். ஒரு வீடு தள்ளி இருந்தாலும் இடித்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுத் திண்ணையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி கூப்பிட்டான்.

"அக்கா, எக்ஸ்பான்ஷனுக்குத் தள்ளுபடி இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது. ரெண்டுல ஒண்ணுதான் வாங்கப் போறேன். எதுன்னு சொல்லு."

எக்ஸ்பான்ஷன் என்பது அந்த விளையாட்டில் தனியாக வாங்கிச் சேர்க்கிற பகுதி. ஒன்றில் மீன்பிடித் துறைமுகம், படகு, ஐஸ் ஃபேக்டரி. மற்றதில் புயல், நெருப்பு, நிலநடுக்கம், கடல் அலை.

"இதுல கேக்க என்னடா இருக்கு? படகு இல்லாம அது என்ன குப்பம்?"

"நான் ரெண்டாவத நெனச்சேன்."

"சுனாமியக் காசு குடுத்து வாங்கப் போறியா? கஜா புயலுக்கு நம்ம ஓடெல்லாம் பறந்தது பத்தலையாக்கும்!"

சிரித்தான். "அபாயச் சங்கும், ஜனங்க ஒதுங்குற கட்டடமும் அதுலதான் வருது. சங்க மட்டும் தனியா விக்க மாட்டாங்க. அலைய நான் ஆஃப் பண்ணி வெச்சிடுவேன். அன்னிக்கு நம்ம ஊர்ல ஒரு சங்கு ஊதியிருந்தா..."

அதற்குள் திரையில் வேறொன்று கண்ணில் பட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரோட்டு மேட்டிலிருந்து இறங்கி, உப்பு ஷெட்டை ஒட்டி வளைந்து பின்வாசலுக்குப் போகிற ஒரு சந்து. உள்ளே போய்க் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் சந்து இல்லை.

"இத யாருடா சொன்னா?"

"நீதான்."

"நான் சொல்லல."

"பின்ன எனக்கு எப்படித் தெரியும்? சொல்லிட்டு மறந்திருப்ப. வயசாகுதுல்ல."

எனக்கு முப்பத்து மூன்று வயது. எதையும் மறக்கிறவள் இல்லை. அந்தச் சந்தை வேண்டுமென்றே வரையாமல் விட்டிருந்தேன்.

சுனாமி வந்த அன்று, முதல் அலை வடிந்ததும் ரோட்டு மேட்டில் நின்றோம். இவன் என் இடுப்பில். அம்மா பக்கத்தில். ரேஷன் கார்டும் படகுக் காகிதமும் இருந்த தகரப் பெட்டி வீட்டுக்குள் இருந்தது. "அம்மா, பெட்டி" என்று சொன்னவள் நான். அம்மா அந்தச் சந்து வழியாகத் திரும்பிப் போனது. அடுத்த அலை வந்தது.

மீன் விற்கப் போன இடத்தில் அம்மாவை அலை கொண்டுபோய்விட்டது என்றுதான் தம்பிக்குச் சொல்லி வளர்த்தேன். அந்தப் பொய் இருபத்தொரு வருஷம் நின்றுவிட்டது. அந்தச் சங்கு ஊதினால் அது உடைந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"படகே வாங்குடா" என்றேன், இரண்டு தடவை.

அவன் சங்கை வாங்கினான். ரோட்டோரமாக ஒதுங்கும் கட்டடத்தை வைத்துவிட்டு பட்டனை அமுக்கினான். மெலிதான ஊளைச் சத்தம் வந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். கட்டடத்தின் மேல் எண்ணிக்கை ஏறி, நூற்று அறுபத்து மூன்றில் நின்றது. ஊரில் இருப்பவர்கள் நூற்று அறுபத்து நான்கு பேர்.

அந்த ஒருத்தி சந்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எங்கள் பின்வாசலில் போய் நின்றாள்.

நிறுத்திவிட்டு மறுபடி ஊதினான். பிறகு இன்னொரு தடவை.

"ஒவ்வொரு தடவையும் வேற வேற பொம்பள. ஆனா அதே சந்து" என்றான். "கோளாறு போல. சந்த எடுத்துடுறேன்."

"எடுக்காத!"

நான் கத்தியதில் அவன் கை நின்றது. அப்புறம் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா அக்கான்னு கூப்பிடுவியோ மாட்டியோன்னுதான்."

"லூசு அக்கா" என்றான்.

பிறகு எங்கள் பின்வாசலை ஒட்டி, சின்னதாக இன்னொரு ஒதுங்கும் கட்டடம் வைத்தான். ஒரு வீட்டையும் இடிக்காமல், அந்த நெருக்கத்தில் அதை நுழைக்கிற கைவேலை அவனுக்குத்தான் வரும்.

சங்கு ஊதியது. எல்லோரும் ரோட்டுக்கு ஓட, ஒருத்தி மட்டும் சந்தில் இறங்கினாள். பின்வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். அந்தக் கட்டடத்தின் மேல் ‘1’ என்று விழுந்தது.

"நிறுத்தவா அக்கா?"

"கொஞ்சம் இரு."

பிறகு நிறுத்தினான். ரோட்டோரக் கட்டடத்திலிருந்து நூற்று அறுபத்து மூன்று பேரும் வெளியே வந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பின்வாசலில் ‘1’ அப்படியே இருந்தது. நாங்கள் வெகுநேரம் பார்த்தோம். அவள் வெளியே வரவில்லை.