ஜெர்சியின் முதுகில் என்ன பெயர்

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் வளாகம் ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். கையுறையோ வால்வோ எது வெளியே போனாலும் என் பட்டியலில் ஏறாமல் போகாது. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஹாக்கி அணியின் பட்டியல் எழுதும் மேனேஜர் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதில், ஒரு முழங்கால் சொன்னபடி கேட்காத நிலையில், ஆடுவதைவிட எழுதுவதுதான் எனக்கும் வசதியாக இருந்தது.

அணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் தங்கியிருக்கும் கேம்புக்குப் பின்னால் புல்டோசர் சமப்படுத்திவிட்டுப் போன மணல் திடல், இரும்புக் குழாயை வளைத்துச் செய்த இரண்டு கோல் போஸ்ட், டியூட்டி முடிந்து ஐந்து மணிக்கு வந்து சேரும் பன்னிரண்டு பேர். கேப்டன் எங்கள் கோவில்பட்டிக்காரன், கிரேன் ஓட்டுகிறவன். ஒரே பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவன். கோல்கீப்பர் சியால்கோட்டிலிருந்து வந்த பாகிஸ்தான்காரர், எல்லாருக்கும் அவர் பாய். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இடது ஓரத்தில் ஆடுவார். ஐம்பது வயதை நெருங்கியும் இளைப்பில்லாமல் ஓடுகிறவர்.

ஷார்ஜாவில் செயற்கைப் புல் மைதானத்தில் ஏழு பேர் ஆடும் போட்டி ஒன்றுக்கு நாங்கள் பேர் கொடுத்திருந்தோம். கேம்புக்கு எதிரே கஃபேட்டீரியா வைத்திருப்பவர் ஜெர்சி அடித்துத் தருவதாகச் சொன்னார். முதுகில் எண்ணுக்கு மேலே பெயர் போடலாம், பத்து ஆங்கில எழுத்துக்குள் இருக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும் என்றது அச்சடிக்கும் கடை. கேப்டன் உடனே முடிவு செய்துவிட்டான். சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர் மட்டும்தான்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு அதில் விளையாட்டு இல்லை. எங்கள் ஊரில் ஹாக்கி ஆடுகிறவனின் சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. பட்டப்பெயரைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வழி சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அது வந்துவிடும்.

மெஸ்ஸில் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். கேப்டன் மூன்று விதி சொன்னான். மற்றவர்கள் வைத்ததாக இருக்க வேண்டும். மைதானத்தில் கூப்பிடுகிற பேராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரின் துண்டாக இருக்கக் கூடாது. மூன்றாவது விதியிலேயே நாலு பேர் அடிபட்டுப் போனார்கள். பேரைச் சுருக்கிக் கூப்பிடுவது சோம்பேறித்தனமே தவிர பட்டப்பெயர் இல்லை என்று அவன் தீர்ப்பு சொல்லிவிட்டான். அவர்களுக்கெல்லாம் ஆளாளுக்கு ஞாபகப்படுத்தி, மறந்து போயிருந்த பழைய பேர்களைத் தோண்டி எடுத்தோம்.

யாழ்ப்பாணத்துக்காரரிடம் வந்தபோது சிக்கல் பெரிதானது. அவரை எல்லாரும் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவோம். அதையே எழுதினேன். கேப்டன் மறுத்தான். அண்ணை என்பது உறவு முறை, எல்லா ஊரிலும் எல்லாருக்கும் ஒரு அண்ணன் உண்டு, அது எப்படி ஒரு ஆளின் பட்டப்பெயர் ஆகும் என்றான். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேறொரு பேர் இருந்ததாம். ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது கனடாவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள், இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் அது செல்லாது என்று அவரே தள்ளிவிட்டார்.

அரை மணி நேரம் இழுத்தது. தமிழ் புரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பாயிடம் யாரோ விஷயத்தை இந்தியில் சொன்னார்கள். அவர் போனை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ‘அண்ணை சாஹப்’ என்று ஒரு எண் சேமிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக அதுதான் அவருடைய பேர் என்று பாய் நம்பியிருக்கிறார். உறவு முறை என்று தெரியாமலே ஒருவர் கூப்பிடுகிறார் என்றால் அது உறவு முறை இல்லை, பேர்தான் என்று நான் வாதாடினேன். கேப்டன் போனைப் பாயிடம் தள்ளிவிட்டு, எழுதிக்கோங்கண்ணே என்றான்.

கடைசியில் எங்கள் சென்டர் ஃபார்வர்ட். அரியலூர்ப் பக்கத்து ஆள், முப்பத்திரண்டு வயது, தொட்டி சுத்தம் செய்யும் குழுவில் இருக்கிறான். அணியிலேயே பள்ளிக்குப் பிறகும் முறையாகப் பயிற்சி எடுத்தவன் அவன் ஒருவன்தான். அவன் என்னிடம் முன்கூட்டியே ராக்கெட் என்று எழுதச் சொல்லியிருந்தான். நான் படித்ததும் மெஸ்ஸே சிரித்தது.

“நீயா வச்சுக்கிட்டா அது பட்டப்பேரு இல்லடே, வெளம்பரம்” என்றான் கேப்டன். “ஒம் பேரு மாஃபிதான். ஊருக்கே தெரியும்.”

அது உண்மை. அவன் வந்த புதிதில் அவனுக்குத் தெரிந்த ஒரே அரபி வார்த்தை மாஃபி. இல்லை என்று அர்த்தம். எகிப்துக்கார சூப்பர்வைசர் எது கேட்டாலும் மாஃபி என்பான். ஒருநாள் அவர் உன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். அதற்கும் மாஃபி என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தொட்டிக்குள்ளும் மைதானத்திலும் அதுதான் அவன் பேர். மூன்று விதிக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. எழுதினேன். அவனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த நாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அவன் ரூமுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மணலைப் பழைய பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான். உடம்பு சரியில்லை என்று முதலில் சொன்னான். நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்ததால் பிறகு சொன்னான்.

“போட்டிய லைவ்ல போடுவாங்கண்ணே. பாப்பா பார்ப்பா. ரெண்டாங்கிளாஸ்ல எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. அது என்னாப்பான்னு கேட்டா, இல்லைன்னு அர்த்தம்னா சொல்றது? அவ பொறந்ததிலிருந்து நான் அங்க இல்லாமத்தான இருக்கேன்.”

 இத்தனை நாளில் ஆயிரம் முறையாவது அந்தப் பேரைச் சொல்லி நானும் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், ஓடி வந்தான். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

கேப்டனிடம் சொன்னேன். அவன் கெட்டவனில்லை, முகம் சுருங்கிப்போனது. ஆனால் விதியை விடவும் மனசில்லை. பேரை எடுத்துவிடலாம், வேறு எதை வைப்பது, நாமாக உட்கார்ந்து யோசித்து வைத்தால் அது பட்டப்பெயரா என்று கேட்டான். அண்ணை பக்கத்தில் நின்று ஸ்டிக்குக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பட்டம் தெளிக்கிறவன் தெளிக்கலாம் தம்பி. ஆனா சுமக்கிறவன் ஓம் எண்டு சொல்லோணும். இல்லாட்டி அது பட்டமில்லை, பகிடி” என்றார். அவர் ஊரில் பட்டப்பெயர் வைப்பதுதான் பட்டம் தெளிப்பது, பகிடி என்றால் கேலி.

“சம்மதம் கேட்டு வச்சா அதுல என்னண்ணே இருக்கு? யாராச்சும் கேட்டு வச்சிருக்காங்களா?” என்றான் கேப்டன்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவனை மறுபடி பயிற்சிக்கு வரவைத்து, வியாழக்கிழமைவரை எல்லாரும் புதுப் பேர் வைக்க முயன்று பார்த்தார்கள். ஒருவன் ‘மின்னல்’ என்று கூப்பிட்டான், அவன் திரும்பவில்லை. இன்னொருவன் ‘அரியலூர்’ என்றான், அது பஸ் கண்டக்டர் கூப்பிடுவது போல இருந்தது. பாய் ஏதோ பஞ்சாபிச் சொல்லைச் சொல்லி, அதன் அர்த்தத்தைச் சொல்லும்போது அவரே வெட்கப்பட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசியில் தன் சட்டையில் பதினான்காம் எண்ணுக்கு மேலே எதுவும் வேண்டாம், வெறுமனே விட்டுவிடலாம் என்று அவனே சொன்னான். இனி யாரும் அந்தப் பழைய பேரைச் சொல்வதில்லை என்றும் பேசிக்கொண்டோம்.

அந்தப் பட்டியலில் என் பெயருக்கு நேரேயும் இடம் காலியாக இருந்தது. பள்ளியில் எனக்கு ‘பெஞ்சு’ என்று பேர். மூன்று வருடம் அணியில் இருந்தும் முக்கால்வாசி ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயதில் அந்தப் பேரைக் கேட்டால் அழுகை வரும். கேப்டனுக்கு அது தெரியும். இங்கே ஒன்றாக இருக்கும் இந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவன் யாரிடமும் சொன்னதில்லை, அன்று மெஸ்ஸிலும் சொல்லவில்லை. மேனேஜருக்குப் பேர் எதற்கு என்று கடந்து போய்விட்டான். கடைக்குப் போகும் வழியில் நானே அதை எழுதிச் சேர்த்தேன். யாரும் கட்டாயப்படுத்தாமல் எழுதும்போது அது வேறு பேர் மாதிரி இருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

ஜெர்சி வந்து பிரித்தபோது கேப்டன் என்னுடையதை எடுத்து, பெயரைப் படித்து, மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு, “அப்பமே நல்லாத்தாண்ணே ஆடுவீங்க. மாஸ்டருக்குத்தான் கண்ணு தெரியல” என்றான்.

போட்டி அன்று வேனில் மலைகளுக்கு நடுவே, சுரங்கப் பாதைகளைத் தாண்டிப் போனோம். பச்சைப் புல்லைப் பார்த்ததும் மணலில் ஆடிப் பழகிய எங்கள் கால்களுக்கு முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது என்றே தெரியவில்லை. பந்து நினைத்ததைவிட வேகமாக வந்தது. ஒரு கோல் வாங்கினோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஆள் மாற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பாய்க்குக் கத்தாமல் கோல் காக்கத் தெரியாது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். சென்டர் ஃபார்வர்டைக் கூப்பிட வாயைத் திறந்தவர், லைவ் கேமராவைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். முதுகில் எண் மட்டும் தெரிந்தது. “சௌதா, பீச்சே” என்று கத்தினார். பதினான்கு, பின்னால் வா என்று அர்த்தம். அவன் உடனே திரும்பினான். மின்னலுக்கும் அரியலூருக்கும் திரும்பாதவன் சௌதாவுக்குத் திரும்பினான். பின்னால் வந்து பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, அண்ணைக்குத் தள்ளிவிட்டு, திரும்ப வாங்கி அடித்தான். கோலுக்குள் பலகையில் பந்து மோதிய சத்தம் பெஞ்சுவரை கேட்டது.

அதன் பிறகு எல்லாருமே சௌதா சௌதா என்றுதான் கூப்பிட்டார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. மைக்கில் பேசியவருக்குக் கூடப் பட்டியலில் பேர் இல்லாததால், எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு அதையே சொன்னார். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். எங்களைவிட நல்ல அணி, வருத்தப்பட ஒன்றுமில்லை.

வேனுக்குப் பக்கத்தில் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மகள் முதலில் கோலைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் உன்னை ஏன் சௌதா என்கிறார்கள் என்று கேட்டாள். இந்தியில் பதினாலு, அப்பாவோட சட்டை நம்பர் என்றான். ஒன்றிலிருந்து சொல்லித்தரச் சொன்னாள். அவனுக்கு நடுவில் சில எண்கள் தெரியவில்லை. பாய் போனுக்குள் எட்டிப் பார்த்து, ஏக், தோ என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பதினான்கு வந்ததும் அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தபோது இந்தப் பேருக்கு அவன் ஓம் சொல்லிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் கரக் என்கிற கெட்டி சாயா குடிக்க நிறுத்தினோம். கேப்டன் மறுபடியும் ஆரம்பித்தான். சட்டையில் அச்சடித்த எண் எப்படிப் பட்டப்பெயர் ஆகும், நாளைக்கு வேறு எண் கொடுத்தால் பேரையும் மாற்றுவோமா என்று கேட்டான். அண்ணை எழுந்தார். அவன் பின்னால் போய் நின்று, முதுகில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கேப்டன் என்றே அச்சடித்திருந்தது. பட்டியலில் முதல் பேராக அதை எழுதியவன் நான்தான். அன்று யாருக்கும் அது உறைக்கவில்லை.

“இது பதவியெல்லோ தம்பி” என்றார் அண்ணை.

எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள் என்று கேப்டன் சொல்ல, சௌதா தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் கிரேன் ஆபரேட்டர் என்பதும் பட்டப்பெயர்தானா என்று கேட்டான். நான் இன்னொரு சாயா சொன்னேன். வேன் டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்க அவரும் இறங்கி வந்தார்.