சுவரில் வந்த குதிகால்

பசறையில் கடைப் போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். பார்த்து வரைவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலண்டரைக் கையில் கொடுத்தால் போதும், மாதாவோ முருகனோ, மறுநாள் சுவரில் நிற்பார்கள். ஆனால் நானாக ஒன்றை வரைந்தது கிடையாது. அது உள்ளுக்குள் குத்திக்கொண்டேதான் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

இந்த வருஷம் தவக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் பாதர் கூப்பிட்டார். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில், இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிற படம் வேண்டும், பெரிய வியாழனுக்குள் முடிக்க வேண்டும் என்றார். காலண்டரைக் கேட்டேன்.

"காலண்டர் வேணாம். ஜெபம் பண்ணிட்டு வரைங்க. பரிசுத்த ஆவியானவர் காட்டுவார்."

காட்டுவாராம்! முழங்கால் தேய ஜெபித்தேன். இயேசு வந்தார், இடுப்பில் துண்டோடு, பழைய காலண்டரில் இருந்த அதே முகத்தோடு. எதிரில் சீடர் பேதுருவும் உட்கார்ந்துவிட்டார். கழுவுகிற கால் மட்டும் வரவே மாட்டேன் என்றது. வரைந்தால் துணிக்கடைப் பொம்மையின் கால் மாதிரி இருந்தது. அழித்தேன். மறுபடி வரைந்தேன், மறுபடி அழித்தேன். சோறு இறங்கவில்லை. கண்டவரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஆவியானவர் மடுல்சீமை பஸ்ஸில் ஏறிவிட்டாரோ என்னவோ, அந்த பஸ் எப்போது வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்?

பெரிய வியாழன் பூசையில் பாதரும் அதே மாதிரி எங்கள் ஆட்களில் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். இந்த முறை அந்தப் பன்னிரண்டு பேரில் என் மனைவியும் ஒருத்தி. மலையில் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் ஆட்களிடம் ஒரு கூத்து உண்டு. பாதர் கழுவப்போகிற காலை முன்கூட்டியே நாங்களே தேய்த்துக் கழுவிவிடுவோம். அழுக்குக் காலை அவர் முன்னால் நீட்ட யாருக்கு மனசு வரும்?

ஒரு சாயங்காலம் லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயடியில், தண்ணீர் கொட்டக் கொட்ட, அவள் குதிகாலைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். பித்தவெடிப்புக்குள் மலை மண் கறுப்பாக ஏறியிருந்தது. கணுக்கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. உரசிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

"போதும், விடு புள்ள."

"எப்படிங்க விடுறது? பாதர் கையில இதையா குடுக்கிறது? அசிங்கமா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் என் பக்கத்தில் கிடந்த கால். அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே கோயிலுக்கு ஓடினேன். கை தானாக ஓடியது என்றால் பீற்றிக்கொள்கிறேன் என்பார்கள். ஓடியது, அவ்வளவுதான். வெடிப்பு, மண், தழும்பு, அவளுடைய மடங்கிய சுண்டுவிரல், எல்லாம் பேதுருவின் காலுக்கு வந்துவிட்டன. எந்தக் காலண்டரிலும் இல்லாத கால். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

மறுநாள் கோயில் கூட்டப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள். விளக்குமாற்றோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"என் கால ஊரே பாக்கச் செவுத்துல வரைஞ்சிட்டீங்களா? மானம் போச்சு! வியாழக்கிழமை நான் வரமாட்டேன், ஆமா."

கெஞ்சினேன். அழித்துவிடவா என்றும் கேட்டேன். விளக்குமாற்றை மூலையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். படம் ஆவியானவர் தந்ததா, என் திமிர் தந்ததா? அவர் தந்தது என்றால் இவளை ஏன் அழவைக்க வேண்டும்? அந்த வாரம் முழுக்க பிரஷ்ஷைத் தொடப் பயமாக இருந்தது.

பெரிய வியாழன் பூசையில் பெஞ்சில் பதினோரு பேர், கடைசி இடம் காலி. பாதர் துண்டைக் கட்டிக்கொண்டார். நான் வாசலையே பார்த்தேன். அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள், மலையிலிருந்து நேராக, காலில் மண்ணோடு. என்னைத் தாண்டும்போது முணுமுணுத்தாள்.

"பேதுருவே அழுக்கோட நீட்டுறாரு. எனக்கென்ன வந்துச்சு?"

போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதர் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, வெடிப்புக்குள் பெருவிரலை வைத்து அழுத்தி மண்ணைக் கழுவினார். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான்.

பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். கால் சரி. ஆனால் இயேசுவின் கை? அது இன்னும் காலண்டர் கைதான். அழகாக, வெள்ளையாக, காலுக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என்னால் உட்காரவே முடியவில்லை. நான் வரைந்த இயேசு இன்னும் அவள் காலைத் தொடவே இல்லை.