கப்பல்களுக்கு வழிக்காசு கட்டிய றோசலின்

பாசையூரில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி சவிரிமுத்துவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் பாரிசில், இளையவள் மன்னாரில். நடுவிலாள் றோசலின் தாயைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோப் பக்கம் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தாள். தாய்வழியில் குருநகர் மரியாம்பிள்ளையின் பேத்தி. அந்தப் பரம்பரைக்கே வாய் கொஞ்சம் நேர். மனதில் இருப்பது நாக்கில் வந்து நிற்கும்.

பகலில் டோனற் கடை, பின்னேரத்தில் கணக்குப் படிப்பு என்று ஓடித் திரிந்தவளுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ற் கந்தோரில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கப்பல் சீனியோ இரும்போ ஏற்றிக்கொண்டு சென் லோறன்ஸ் ஆற்றால் ரொறொன்ரோவுக்கு வருவதென்றால், வருகிற வழிக்குக் காசு கட்டவேண்டும். கப்பலின் பருமனுக்கு ஒரு கணக்கு, உள்ளே இருக்கிற சாமானுக்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டி, கப்பல்காரரிடம் வாங்கி, நேரத்துக்குக் கட்டிவிடுவது றோசலினின் பொறுப்பு.

இது தெரியவந்ததும் ஸ்காபரோவில் அவளுக்கு நிம்மதி போய்விட்டது. "பிள்ளை, உன்ரை கப்பல் ஒண்டில என்ரை பழைய பிறிஜ்ஜை யாழ்ப்பாணத்துக்கு ஏத்திவிடன்" என்று கேட்ட ஒன்றுவிட்ட சித்தப்பாவும் உண்டு.

மாதா கோயில் பாடகர் குழுவில் பேனாட் அவளுக்குப் பின்வரிசை. மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. ஆனாலும் முறைப்படி நடக்கட்டும் என்று கலியாணத் தரகர் அருள்நாயகத்தைப் பிடித்தார்கள். பிழை அங்கேதான் தொடங்கியது.

"பொம்பிளைக்குக் கப்பல்காரரோடை காசு வேலை" என்று அவர் பேனாட்டின் தாய் கிளடிசிடம் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கப்பலும் காசும் சேர்ந்தால் ஒரே ஓர் உத்தியோகம்தான், சுங்கம் அறவிடுகிற கஸ்ரம்ஸ். கொழும்பில் கஸ்ரம்ஸ் மாப்பிள்ளை என்றால் பெண்வீட்டார் வரிசையில் நின்ற காலத்துப் பிள்ளை கிளடிஸ். கனடாவில் கஸ்ரம்ஸ் மருமகளே கிடைத்துவிட்டாள் என்று கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். அருள்நாயகமும் திருத்தவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கிளடிஸ், புருஷன் அகஸ்ரின், பேனாட், அருள்நாயகம் நான்கு பேரும் கேக்கோடு றோசலின் வீட்டில் பெண்பார்க்க வந்து இறங்கினார்கள்.

"பிள்ளை, உங்கட கஸ்ரம்ஸ் உடுப்பு வெள்ளையோ நீலமோ?" என்றார் கிளடிஸ். "அல்பத்துக்கு உடுப்போடை ஒரு படம் எடுக்கவேணும்."

றோசலின் அருள்நாயகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு முழுப் பற்றீசை வாய்க்குள் தள்ளினார். பேனாட்டைப் பார்த்தாள். பிறகு சொல்லலாம் என்று அவன் கண்ணால் கெஞ்சினான். வாயைத் திறந்தால் இவன் கைவிட்டுப் போவான் என்று அவளுக்குத் தெரியும். மரியாம்பிள்ளையின் பேத்தி எத்தனை நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள்?

"மாமி, நான் கஸ்ரம்ஸ் இல்லை. நான் காசு அறவிடுறேல்லை, கட்டிறன்."

"என்னத்துக்கு?"

"கப்பல் போற வழிக்கு."

"தண்ணியில போறதுக்கும் காசோ? ஆண்டவர் சும்மா தந்த கடலுக்கு?"

"கடலுக்கு இல்லை மாமி. இந்த ஏரி கடலைவிட உயரம். கப்பலை ஒரு தொட்டிக்குள்ள விட்டு, கதவைப் பூட்டி, தண்ணி நிரப்பி, படிபடியா ஏத்துவினம். அந்தத் தொட்டியள் மனுசர் கட்டினது. அதுக்குத்தான் காசு."

"போர் ஓ செவன் றோட்டில கார் ஓடக் காசு கட்டிறமெல்லோ, அது மாதிரி, அம்மா" என்றான் பேனாட்.

"நீ பேசாதை!" கிளடிஸ் தரகர் பக்கம் திரும்பினார். "நீர் என்ன கண்டறியாத கதை சொன்னனீர்?"

"கப்பல், காசு... அவ்வளவுதான் அக்கா சொன்னனான். மிச்சத்தை நீங்களல்லோ சேர்த்தனீங்கள்!"

கிளடிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "இனி நான் கோயிலில எப்பிடி முகம் குடுக்கிறது?"

மூலையில் இருந்த அகஸ்ரின் கதிரையை முன்னுக்கு இழுத்தார். கிரேக்கக் கப்பல்களில் இயந்திர அறையில் எண்ணெய் போட்டே இளமையைக் கழித்த மனிதர்.

"பிள்ளை, அப்ப நீ ஏஜென்ற் கந்தோரோ?"

"ஓம் மாமா."

"கப்பல் ஆக்களுக்கு வாற கடிதம் உங்களிட்டையோ வரும்?"

"ஓம். நான்தான் கப்பலுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறனான்."

அகஸ்ரின் தொடையில் தட்டிச் சிரித்தார். "கிளடிஸ், இருமப்பா. பனாமாக் கால்வாய் வாசலில நங்கூரம் போட்டுக்கொண்டு கிடப்பம். ஏஜென்ற் வழிக்காசு கட்டினாத்தான் கப்பல் அசையும். அவன் வள்ளத்தில வந்தா, கப்ரினுக்குக் கணக்கு. எங்களுக்கு அவன்ரை கடிதப் பை. பேனாட் பிறந்த சேதியை ஏஜென்ற்தானப்பா என்ரை கையில தந்தவன்."

கிளடிஸ் பையை மேசையில் வைத்தார். கப்பலின் பெயர், கீழே ஏஜென்ற் பெயர், துறைமுகம் என்று புருஷனுக்குப் போன எத்தனையோ கடித உறைகளில் எழுத்தெழுத்தாய்ப் பார்த்து எழுதிய கை அது.

"நான் அந்த ஏஜென்ற் ஒரு மீசைக்காரன் எண்டல்லோ நினைச்சிருந்தன்" என்றார். பிறகு றோசலினை மேலும் கீழும் பார்த்தார். "கடிதத்தை மேசையில போட்டிட்டு மறந்துபோறேல்லையே?"

"வழிக்காசும் பிந்தாது, கடிதமும் பிந்தாது மாமி."

கிளடிஸ் திரும்பக் கதிரையில் இருந்தார். "அருள்நாயகம், வாற ஞாயிறு கோயிலில நீர்தான் எல்லாருக்கும் திருத்திச் சொல்லவேணும். கலியாணத்தை ஆவணியில வைப்பம்."

"ஐயோ மாமி, ஆவணியில கப்பலுகள் நெரிபடும். மார்கழியில ஆறு உறையத் தொட்டியளைப் பூட்டுவினம், அதுக்குப் பிறகு வைப்பமே?"

"கப்பலைக் கேட்டோ எங்கட வீட்டுக் கலியாணம்?"

"பின்னை?" என்றார் அகஸ்ரின். "நான் உன்னைக் கட்டினதும் கப்பலைக் கேட்டுத்தானே."

பனி அள்ள ரொறொன்ரோ நகரம் ஆமிக்காரரைக் கூப்பிட்ட அடுத்த ஆண்டுத் தை மாதத்தில் கலியாணம் நடந்தது. சேலைக்குக் கீழே பெரிய பனிச் சப்பாத்தோடு கோயில் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கிளடிஸ் விளக்கிக்கொண்டிருந்தார். "கஸ்ரம்ஸ் என்ன கஸ்ரம்ஸ்! என்ரை மருமகள் கட்டாட்டி ஒரு கப்பலும் இந்தப் பக்கம் ஏறாது, தெரியுமே?"