ஒரு மூடி கூடுதல் எண்ணெய்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு நாலு சக்கர பைக்குக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, காய்ச்சல்காரனுக்குக் காவல் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வழியில் நின்றுபோன என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அவர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

"பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

"அதெல்லாம் தெரியாதுங்க."

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கே முதல் பட்டம் அது. கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.

"அவ்வளவு பெரிய படிப்புல ஒரு பிளக் கழட்ட இடமில்லாமப் போச்சா? சரி, பொறுங்க. முதல்ல இது குளிரட்டும்."

அவருக்குப் பட்டப் பெயரே 'பொறுங்க மாஸ்டர்'தான். காலையில் விட்ட எஞ்சினைச் சாயங்காலமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியவர். தம்பி செத்த பிறகு இப்படி ஆகிவிட்டார். பின்னால் அவரே வாய் திறந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அந்த பைக் தம்பியுடையது. மலைச்சரிவில் இருந்த மரத்தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துவருவது தம்பியின் வேலை. நான் பார்ப்பதற்கு ஒரு வருடம் முன்பு அண்ணன்தான் அந்த வண்டிக்குப் புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்தார். பத்தாம் நாள், ஏற்றத்தில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகியது. பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. வண்டி புரண்டு தம்பியோடு பள்ளத்தில் விழுந்தது.

அந்த எஞ்சினுக்கு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் இறுகிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தம்பியோ கை இறுக்கமான ஆள். டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "சட்டைப் பட்டனக்கூட எண்ணிப் போடுறவன்யா. எண்ணெயில மிச்சம் பிடிச்சிருப்பான்." தம்பி மனைவியும் அதையேதான் சொல்லி, உடம்பின்மேல் விழுந்து அடித்துக்கொண்டு அழுதாள். "நாலு சொட்டு எண்ணெயில என்னத்தய்யா மிச்சம் பிடிச்சே?"

மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அவர் டேங்கைத் திறந்து பார்த்திருந்தார். எண்ணெய்க்குப் போட்டிருக்கும் நீலச் சாயம் மிகுந்து, உள்ளே இருந்த பெட்ரோல் அடர்நீலமாக இருந்தது. எண்ணெய் குறையவில்லை, கூடியிருந்தது. எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஊசித்துளை வழியாகப் போவது கெட்டியாகவும் கொஞ்சமாகவும் போகும். காற்று மிஞ்சி, சூடேறி, பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொள்ளும். புகை அதிகம் என்று தம்பி முணுமுணுத்ததால், மாஸ்டர் ஏற்கெனவே ஒரு அளவு சின்ன ஜெட்டைத்தான் போட்டிருந்தார். அது போதாதென்று, வண்டியைக் கொடுக்கும்போது அவர் வாயாலேயே சொன்னார்: "புது ரிங்குடா. எண்ணெய தாராளமா ஊத்து, கஞ்சத்தனம் பண்ணாதே."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பி தாராளமாக ஊற்றியிருந்தான். மாஸ்டர் அந்தப் பெட்ரோலைப் பட்டறைக்குப் பின்னால் மண்ணில் கொட்டிவிட்டார்.

ஒரு வருடம் கழித்துத் தம்பி மனைவி வந்தாள். "அவரு பாத்த வேலைய நானே பாக்குறேன்னு தோட்டத்துல சொல்லியிருக்கேன், அத்தான். வண்டியச் சரி பண்ணிக் குடுங்க."

நான் பார்த்த வண்டி அதுதான். மறுபடி புது பிஸ்டனும் பழைய அளவு ஜெட்டும் போட்டிருந்தார். பிஸ்டன் பழகுவதற்காக ஐந்து நிமிடம் ஓடவிடுவார், அணைப்பார், சிலிண்டரில் புறங்கையை வைத்து அது கல் மாதிரி குளிரும்வரை காத்திருப்பார். மூன்று தடவை போதும். அவர் பதினோரு தடவை செய்தார். பிறகு அரை வேகத்தில் நாள் கணக்காக ஓட்டினார். மிச்சம் இருந்தது ஒரே வேலை. முழு வேகத்தில் ஓர் ஏற்றம் ஏறி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் ஆபத்து, கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். அதைத்தான் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்.

கடைசியில் ஒரு மத்தியானம் ஏறினார். தம்பி விழுந்த அதே ஏற்றம். இறங்கிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கடுந்தேநீர் நிறம், இருக்க வேண்டிய நிறம். இனி வண்டியைக் கொடுக்காமல் வைத்திருக்க ஒரு சாக்கும் இல்லை.

அவள் வந்தாள். அவர் உள்ளே கோடு கீறிய ஒரு அளவுக் குவளையை நீட்டினார். "எண்ணெய் இந்தக் கோடு வரைக்கும்தான்."

"கோடெல்லாம் எதுக்கு அத்தான்? மேலயே ஒரு மூடி சேத்து ஊத்திக்குவேன். அவர மாதிரி கஞ்சத்தனம் பண்ணி உயிர விடச் சொல்றீங்களா?"

சிரித்தபடிதான் சொன்னாள். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் இவளும் போய்விடுவாள்.

"அவன் குறைச்சு ஊத்தலம்மா," என்றார். "நான்தான் கூடுதலா ஊத்தச் சொன்னேன். ஊத்தினான். அதாலதான் இறுகுச்சு. டேங்கப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொணத்தப் பாத்துத் திட்டினேனே, அத்தான்," என்றாள். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

அவள் குவளையை வாங்கிக்கொண்டாள். எஞ்சின் ஒரே உதையில் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போய், நடுவில் நின்று, தம்பிமேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னார். அதன் பிறகு எஞ்சின் வேலைகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போயின.

இப்போது அவர் அதே பட்டறையில் பஞ்சர் ஒட்டுகிறார். அவள் தோட்டத்து வேலையில் இருக்கிறாள், வண்டி நன்றாக ஓடுகிறது. சர்வீசுக்கு அதை அவள் அவரிடம் கொண்டுவருவதில்லை.