மூன்றாவது ஆளைத் தொடமாட்டோம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துர்காதேவி ஐ.சி.யூ. இன்சார்ஜ் நர்ஸ். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். வாய் நீளம் என்று வீட்டிலேயே பேர் வாங்கியவள். அந்த வாயை வைத்துத்தான் நர்ஸுகளுக்கு ஓய்வறை, பிரசவ விடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சும்மா யார் கொடுக்கிறார்கள்?

இந்தத் தடவை கேட்டது பெரிசு. ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிதான், மூன்றாவது ஆளைத் தொடமாட்டோம். போன மாதம் நர்ஸ் சிநேகா ஒருத்தியே நாலு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் மூச்சுக்குழாய் அடைத்துச் செத்துப்போனார். பழி முழுக்க அந்தச் சின்னப் பெண் தலையில் விழுந்தது. அதிலிருந்து துர்காவுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மேனேஜர் ராமானுஜம் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் போனார்கள். அவரோ, "சரிம்மா, உங்க இஷ்டம்" என்று சிரித்தார். கத்துகிற மனுஷனைச் சமாளித்துவிடலாம், சிரிக்கிறவனை என்ன செய்வது? அதற்கப்புறம் தினமும் வந்து ஐ.சி.யூ. கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ட்ரெச்சர் வந்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் விற்க வந்த எல்லம்மாள். பைக் மோதி மண்டையில் அடி. எல்லா நர்ஸ் கையிலும் ஏற்கெனவே இரண்டு பேர், துர்கா கையிலும்தான்.

"இங்க ஏன்யா கொண்டாந்த? ஜி.எச்.சுக்குப் போவவேண்டியதுதான?" என்றாள் ஆம்புலன்ஸ் டிரைவரிடம்.

"அங்கதான் போய்கினு இருந்தேன் சிஸ்டர். மேனேஜர் சாருதான் போன் போட்டு, வண்டிய இங்க திருப்புன்னாரு."

ராமானுஜம் கதவருகே கைகட்டி நின்றிருந்தார்.

"இன்னா சிஸ்டர், பாத்துகினே நிக்கிற? மூச்சு இஸ்துகினு கீதே!" என்று எல்லம்மாளின் புருஷன் வரதன் அலறினான். மற்ற நர்ஸுகள் துர்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவளைப் பற்றி அவளைவிட கதவருகே நிற்கிற அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாவி! துர்கா ஸ்ட்ரெச்சரை இழுத்தாள். மூன்று கட்டிலுக்கும் நடுவே பேயாய் ஓடினாள்.

எல்லம்மாள் பிழைத்துக்கொண்டாள். மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் ராமானுஜம் எல்லோரையும் கூப்பிட்டு, துர்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "மூணு பேரை ஒத்த ஆளா காப்பாத்தியிருக்காங்க. இவங்களால முடியுதுன்னா நாளையிலேருந்து எல்லாராலயும் முடியும்" என்றார். டாக்டர்கள் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் சிநேகா கிட்டே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு என் கையில யாருக்கா சாவப்போறாங்க?"